எங்கும் சேராத இரண்டு எலும்புகள்

மாளுக்குட்டி டீச்சரைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் பேப்பூர் பீரான் மூப்பன். நாலாம் வகுப்பிலிருந்து பாதியில் எழுந்து வந்தவன். குர்ஆன் ஓதுவேன், கையெழுத்துப் போடுவேன், இழுபடுகிற வடம் எந்த இடத்தில் அறப்போகிறது என்பதை அது அறுவதற்கு முன்பே சொல்வேன். உரு என்று நாங்கள் சொல்லும் மரக்கப்பலைக் கரையிலிருந்து தண்ணீருக்கு இறக்குவதும், மூழ்கியதை மேலே இழுப்பதும் எங்கள் கலாசிகளின் வேலை; அவர்களுக்குத் தலைவன்தான் மூப்பன். பம்பாயிலிருந்து கிரேன் கொண்டுவந்தவர்கள் தலையில் கையை வைத்து உட்கார்ந்த இடத்தில், கப்பியும் வடமும் என் ஆட்களின் தோளும் போதும் என்று காட்டியவன் நான். அரபிகள் கரையில் இறங்கியதும் என் பெயரைச் சொல்லித்தான் வழி கேட்பார்கள். பொய்யென்றால் சாலியாற்றங்கரையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அப்படிப்பட்ட என்னை ஒரு பெண்பிள்ளை வாயடைக்க வைத்தாள் என்றால் அவள் சாதாரணப்பட்டவளாக இருக்க முடியுமா? ஆனால் ஊருக்கு அவள் சாதாரணப்பட்டவள்தான். கயிறு திரிக்கத் தேங்காய் மட்டை அடித்துப் பிழைத்த வீட்டுப் பெண். மதராஸ் போய் விலங்கியல் படித்துவிட்டு வந்து, இங்கே ஒரு தனியார் கல்லூரியில் பாடம் சொன்னாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "எலும்பெல்லாம் எண்ணி முடிக்கல, அப்புறம் பாக்கலாம்" என்பாள்.

முதலில் அவளைப் பார்த்தது எங்கள் கப்பல் பட்டறையை ஒட்டிய மணலில். வலையில் சிக்கிச் செத்த டால்பின் ஒன்று கிடந்தது. குடையை மணலில் குத்திவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அதன் துடுப்பைக் கத்தியால் கீறிக்கொண்டிருந்தாள்.

"டீச்சரே, கறி வைக்கவா?" என்றான் என் ஆள் அய்தறு. வாய்த்துடுக்குக்காரன்.

"கறி உனக்கு. கை எனக்கு."

"மீனுக்கு ஏது கை?"

"இது மீனில்ல. வந்து பாரு."

நானும் போய்ப் பார்த்தேன். தோலையும் கொழுப்பையும் விலக்கியபோது உள்ளே ஐந்து விரல். சத்தியமாக ஐந்து விரல். கையுறை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டு இருந்தன.

"தோள்லேர்ந்து ஒரு எலும்பு. அப்புறம் ரெண்டு. அப்புறம் கூழாங்கல்லு மாதிரி கொஞ்சம். அப்புறம் விரலு" என்று என் கையையே பிடித்து அழுத்திக் காட்டினாள். "மூப்பனுக்கும் இதே வரிசை. உங்க வீட்டு ஆட்டுக்கும் இதே வரிசை."

"அப்ப இது எனக்குச் சொந்தக்காரனா?"

"உங்களுக்கு மட்டுமில்ல மூப்பனே, உங்க மாமியாருக்கும்."

என் ஆட்கள் வடத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். என் மாமியாரைப் பார்த்தவர்கள் அவர்கள்.

அன்றிலிருந்து பழக்கம். வலையில் என்ன விசித்திரம் விழுந்தாலும் டீச்சருக்கு ஆள் அனுப்புவேன். என் மூத்த மகளின் நிக்காஹுக்கு வந்தவள், பிரியாணி சாப்பிட்ட இலையில் கோழிச் சிறகையும் ஆட்டு முன்காலையும் சுத்தமாகக் கடித்து எடுத்து அடுத்தடுத்து வைத்து, என் சம்பந்தி வீட்டுப் பெண்களுக்குப் பாடம் நடத்தினாள். "விரல் குறையும், ஒட்டிக்கும், நீளும். வரிசை மாறாது" என்றாள். மின்கம்பியில் அடிபட்டுத் தொங்கிய வௌவாலையும் அவள் விடவில்லை. அதன் விரல்களை விரித்துக் காட்டியபோது, குடைக்கம்பி மாதிரி நீண்டிருந்த அத்தனையும் விரல்தான் என்று எனக்கே விளங்கியது. ஒரு நாள் ஆடு ஒன்று துள்ளி ஓடுவதைக் காட்டி, "முதுகு மேலயும் கீழயும் வளையுது பாத்தீங்களா? மீன் வாலை இப்படி, பக்கவாட்டுல அடிக்கும். திமிங்கிலம் ஆடு மாதிரி மேலயும் கீழயும் அடிக்கும். கரையில ஓடின பழக்கம், கடலுக்குப் போயும் மறக்கல" என்றாள். நான் கடலிலேயே பிறந்து வளர்ந்தவன். திமிங்கிலம் வாலடிப்பதை எத்தனையோ முறை பார்த்தவன். அதை ஆட்டோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை.

ஆனால் நான் லேசில் ஒப்புக்கொள்கிற ஆளில்லை. "படைச்சவன் ஒரே தச்சன், டீச்சரே. ஒரே அச்சு வெச்சு எல்லாத்தையும் செஞ்சிருக்கான். சொந்தம் பந்தமெல்லாம் நீங்க கட்டுற கதை" என்றேன்.

அவள் எங்கள் பட்டறையில் பாதி எழுந்து நின்ற உருவைப் பார்த்தாள். "இதுக்குள்ள எந்தப் பாரமும் தாங்காத, எதோடயும் சேராத ஒரு பலகையை உங்க தச்சன் வைப்பானா?"

"வெச்சா அவன் கையை ஒடிச்சிருவேன்."

"திமிங்கிலத்துக்குப் பின்னங்கால் கிடையாது. ஆனா இடுப்பெலும்பு இருக்கு. ரெண்டே ரெண்டு. முதுகெலும்போட ஒட்டாது, கால் எலும்பும் அதுல மாட்டாது. சதைக்குள்ள சும்மா மிதக்கும். அந்த இடத்துச் சதை கொஞ்சம் பிடிச்சிக்க உதவும், அவ்வளவுதான். காலே இல்லாத ஜீவனுக்கு இடுப்பு எதுக்கு மூப்பனே?"

"நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

அவள் முகம் சட்டென்று மாறியது. "இல்ல. படத்துலதான். வேலைக்கு வந்த நாள்லேர்ந்து கரும்பலகையில வரைஞ்சுதான் காட்டுறேன். பசங்களும் அதைப் பாத்துப் பரீட்சையில வரைஞ்சிட்டுப் போறாங்க. ஒருத்தனும் நம்புறதில்ல. ரிட்டயர் ஆகறதுக்குள்ள ஒரு தடவை கையில எடுத்துக் குடுத்துப் பாருன்னு சொல்லணும். வேற ஆசை எனக்கு ஒண்ணுமில்ல."

நெருக்கடிநிலைக் காலம் முடிந்த அடுத்த வருஷம், மழைக்கு முன்னால், ஆற்று முகத்துவாரத்துக்கு வடக்கே ஒரு பெரிய எண்ணெய்த் திமிங்கிலம் செத்து ஒதுங்கியது. ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தது. சுகாதார அதிகாரி மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தச் சொன்னார். டீச்சர் ஓடி வந்தாள். செருப்பு எங்கேயோ கழன்று போயிருந்தது.

"மூப்பனே, அலை எட்டாத இடத்துக்கு இழுத்துக் குடுங்க. புதைச்சு வெச்சா ரெண்டு மழைக்காலத்துல எலும்பு சுத்தமா வந்துரும். அதிகாரிகிட்ட நான் பேசிக்கிறேன்."

அதிகாரியிடம் என்ன பேசினாளோ, மண்ணெண்ணெய் டின் திரும்பிப் போனது. நான் இழுத்தேன். கப்பல் பாரம் வேறு, பிணப்பாரம் வேறு. கப்பல் விறைப்பாக நிற்கும். இது வடத்தைக் கட்டிய இடத்திலெல்லாம் பிய்ந்து வரும். வாலடியில் கயிற்றுப் பாயைச் சுற்றி, அதன்மேல் வடம் போட்டு, பனந்தடிகளை உருட்டுக்குப் போட்டு, ஐலசா பாடி ஏற்றினோம். வேறு எந்த மூப்பனாலும் அது முடிந்திருக்காது. நாற்றம் அதற்கப்புறம் பல நாள் எங்கள் தோலைவிட்டுப் போகவில்லை.

அய்தறு வந்து முறையிட்டான். "மூப்பா, என் பொண்டாட்டி என்னைக் கோழிக்கூட்டுல படுக்கச் சொல்லிட்டா. நான் உள்ள போனதும் கோழியெல்லாம் வெளிய வந்து படுத்துக்கிச்சு."

புதைப்பதற்கு முன் டீச்சர் ஒரு வேலை சொன்னாள். துடுப்புகளைப் பழைய வலையில் சுற்றிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் விரலெலும்புகள் மணலில் சிதறிவிடும். வலை நான் கொடுத்தேன். இடுப்பெலும்பை மட்டும் மண்ணை நம்பி விட முடியாது, எதோடும் ஒட்டாதது தொலைந்து போகும் என்று, அன்றைக்கே அறுத்து எடுத்தாக வேண்டும் என்றாள். அய்தறுவும் இன்னும் இருவரும் மீன்வெட்டும் கத்தியோடு வயிற்றுப் பக்கம் இறங்கினார்கள். அவளும் இறங்கினாள். காலையில் இறங்கியவர்கள் சாயங்காலம் அசர் பாங்கு சொல்லும்வரை தேடினார்கள். ஆட்கள் வெறுத்துப்போய்க் கத்தியை எறிந்த பிறகு, அழுகிய சதைக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்த டீச்சர் அப்படியே அசையாமல் நின்றாள்.

"இருக்கு" என்றாள்.

முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும் இருக்கும் நீளம், லேசான வளைவு, பார்க்கச் சாதாரண எலும்பு. அதன் ஜோடி அடுத்த பக்கத்தில். கடல் தண்ணீரில் கழுவி மூக்கருகே கொண்டுபோய், முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அவற்றை வீட்டுக் கொல்லையில் பெரிய பானையில் வேகவைத்து, வெயிலில் காயவைத்து, பிஸ்கட் டின்னில் பஞ்சு பரப்பி வைத்துக்கொண்டாள். அண்டை வீட்டார் பஞ்சாயத்து வைத்த கதை தனி.

இரண்டு மழை கழிந்து தோண்டினோம். ஓட்டு ஃபாக்டரி முதலாளி சாத்துக்குட்டி கல்லூரிக்கு ஒரு ஹால் கட்டிக் கொடுத்திருந்தார். எலும்புக்கூட்டை அங்கே தொங்கவிடுவதென்று ஏற்பாடு. தலையை மட்டும் மேலே ஏற்றக் கல்லூரிக்காரர்கள் முழி பிதுங்கினார்கள். நான் கப்பி கட்டி ஏற்றினேன். ஒவ்வொரு முதுகெலும்பையும் டீச்சர் கீழே நின்று பார்த்து, "இன்னும் கொஞ்சம் திருப்பு, போதும்" என்று சொல்லிச் சொல்லிக் கோத்தாள். உடலும் வாலும் சேரும் இடத்துக்குக் கீழே இரண்டு கம்பிகளை வெறுமனே தொங்கவிட்டாள். இடுப்பெலும்பை அங்கே திறப்பு விழா அன்று காலையில், அவளுடைய மாணவர்கள் முன்னால் மாட்டுவதாக இருந்தது.

கல்லூரி மேனேஜர் நம்பீசன் சார் வேலையைப் பார்க்க வந்தார். வக்கீலுக்குப் படித்தவர். டின்னைத் திறந்து காட்டினாள்.

"இது எங்க சேரும் டீச்சர்?"

"எங்கயும் சேராது சார். அதுதான் விஷயமே."

"எங்கயும் சேராதுன்னா மிச்சம்தானே?"

"மிச்சம் இல்ல சார். இதுக்காகத்தான் மத்தது எல்லாமே."

நம்பீசன் சார் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். படித்தவர்கள் இரண்டு பேருக்குள் ஏதோ பேச்சு என்று நான் கப்பியைக் கழற்றப் போனேன்.

விழா அன்று காலையில் டீச்சர் ஆய்வுக்கூட அலமாரியைத் திறந்தபோது டின் இருந்தது, பஞ்சு இருந்தது, எலும்பு இல்லை. மேனேஜர் வாங்கிப் போனார் என்றான் அட்டெண்டர். மேனேஜரைக் கேட்டதற்கு, "பத்திரமா இருக்கு, பளபளன்னு ஆக்கி வெச்சிருக்கேன், நீங்களே பாப்பீங்க" என்று சொல்லிவிட்டு முதலாளியை வரவேற்க வாசலுக்கு ஓடினார். டீச்சர் நிம்மதியோடு நாற்காலியில் உட்கார்ந்ததை நான் பார்த்தேன். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். அந்தத் திமிங்கிலத்தைக் கரையேற்றிய மூப்பனுக்கு மூன்றாவது வரிசை. அதை விடுங்கள்.

விளக்கேற்றினார்கள், பேசினார்கள், முதலாளிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எங்கள் பக்கத்து விழாக்களில் விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் கிடையாது. ஏதாவது ஒரு பரிசை மேடையில் கொடுத்தே தீர வேண்டும். நம்பீசன் சார் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம மாளுக்குட்டி டீச்சர் இந்தத் திமிங்கிலத்துலேர்ந்தே ஒரு ஞாபகப் பரிசை முதலாளிக்கு வழங்குவாங்க."

பட்டுத்துணி போட்ட பெட்டியை அவள் கையில் திணித்தார்கள். திறந்தாள். இரண்டு இடுப்பெலும்பும் ரோஸ்வுட் பலகையில், வெள்ளிப்பூண் போட்டு, பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்தன.

ஹாலில் கைதட்டல். அவள் நகரவில்லை. பிறகு மைக்கின் பக்கம் திரும்பினாள்.

"இது திமிங்கிலத்தோட இடுப்பு. இது குடுக்குற சாமானில்ல. அந்தக் கம்பியில மாட்ட வேண்டியது."

நம்பீசன் சார் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பாருங்க, நம்ம டீச்சருக்கு எலும்பு மேல பெத்த பிள்ளை மாதிரி பாசம்! கட்டிக் குடுக்குற நேரத்துல அம்மா அழத்தானே செய்வாங்க!"

ஹாலே சிரித்தது. பின் வரிசையில் அவளுடைய மாணவர்களும் சிரித்தார்கள். சாத்துக்குட்டி முதலாளி எழுந்து வந்து, கெட்ட மனிதர் இல்லை அவர், பணிவாகக் குனிந்து பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வாங்கினார் என்றா சொல்வது? அவள் விரல்கள் பெட்டியை விடவே இல்லை, அவர் இழுத்தார். அந்த நேரத்தில் ஃபோட்டோக்காரன் விளக்கை அடித்தான். மறுநாள் பத்திரிகையில் வந்த படத்தில் டீச்சர் கையை நீட்டிப் பரிசு கொடுப்பது போலத்தான் இருந்தது.

நான் மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்தேன். "நம்பீசன் சாரே, அது தப்பு" என்று கத்தினேன். கடலில் என் குரல் அடுத்த கப்பலுக்குக் கேட்கும். அங்கே நாதஸ்வரக்காரன் ஆரம்பித்துவிட்டான்.

மறுநாள் நம்பீசன் சார் டீச்சரைக் கூப்பிட்டுச் சமாதானம் சொன்னாராம். "பெரிய எலும்பு எல்லாம் உங்ககிட்டதானே இருக்கு. ஒரு ஆனையை வெச்சிக்கிட்டு அதோட வால்மயிருக்கு அழலாமா?" பிளாஸ்டரில் இரண்டு செய்து மாட்டச் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். கரும்பலகையில் வரைந்ததும் பொய்யில்லை. ஆனால் உண்மைக்குப் பக்கத்தில் பொய்யைத் தொங்கவிட அவளுக்கு மனசில்லை. அந்த வருஷக் கடைசியில் ரிட்டயர் ஆனாள். கடைசி வகுப்பில் பையன்களை ஹாலுக்குக் கூட்டிப்போய், வெறுங்கம்பிகளைக் காட்டி, "இங்க ரெண்டு எலும்பு இருந்துச்சு" என்றாளாம். ஒரு பயல் எழுந்து, "டீச்சரே, நீங்கதானே தூக்கிக் குடுத்தீங்க, பேப்பர்ல பாத்தோமே" என்று கேட்டிருக்கிறான். அதற்குப் பிறகு அவள் ஆற்றங்கரைப் பக்கமே வருவதில்லை.

நான் சும்மா இருப்பேனா? மூழ்கிய கப்பலை எழுப்பியவன், இரண்டு எலும்பை ஒரு வீட்டிலிருந்து எடுத்து வர முடியாதா? வெள்ளை வேட்டி கட்டி, அத்தர் பூசி, அய்தறுவையும் கூட்டிக்கொண்டு சாத்துக்குட்டி முதலாளி வீட்டுக்குப் போனேன். மரியாதையாக உட்காரவைத்து, சாயாவும் பழம்பொரியும் கொடுத்தார். வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"அட, அந்த எலும்பா? அதைச் சும்மா வெச்சிருந்தா என்ன அழகு? இருங்க மூப்பா, நீங்க பாத்தே ஆகணும். நீங்க பாத்தாத்தான் அதுக்கு மதிப்பு."

உள்ளே போய்க் கண்ணாடிப் பெட்டியோடு வந்தார். அதற்குள் ஒரு உரு. தந்தவேலை செய்கிற ஆசாரியிடம் கொடுத்துச் செதுக்கியிருந்தார். ஒரு எலும்பு முழுசும் கப்பலின் உடல். மற்றதை அறுத்துப் பாய்மரம், சுக்கான், கைப்பிடிச் சுவர். லேசான வளைவு இருந்தது என்றேனே, அதைத்தான் கப்பலின் அடிவளைவாக வைத்திருந்தான் ஆசாரி. கை தேர்ந்தவன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. பேப்பூர் உருவின் மூக்கு அப்படியே வந்திருந்தது.

"எப்படி?" என்றார் முதலாளி.

அய்தறு சாயா டம்ளரைக் கீழே வைத்தான்.

"மூப்பனுக்குப் பிடிச்சிருந்தா எடுத்துக்கங்க. உரு மூப்பன் வீட்டுலதானே இருக்கணும்" என்று பெட்டியோடு என் மடியில் வைத்தார். நல்ல மனசு. அந்த நல்ல மனசை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

நேராக டீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மத்தி பொரித்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பெட்டியைத் திறந்து உருவை வெளியே எடுத்தாள். மேல்பக்கம் பார்க்கவே இல்லை. கவிழ்த்துப் பிடித்து அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனாள். பின்பக்கத்தில் ஆசாரி விட்டுவைத்த சொரசொரப்பான ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இங்கதான் சதை பிடிச்சிருந்தது" என்றாள்.

"டீச்சரே, நீங்களே வெச்சிக்கங்க" என்றேன்.

"இது கப்பல் மூப்பனே. எனக்கெதுக்குக் கப்பல்?"

"அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டீங்களே. எந்தப் பாரமும் தாங்காத பலகையை எந்தத் தச்சன் வைப்பான்னு. நான் ஒத்துக்கிட்டேன் டீச்சரே. சதைக்குள்ளேர்ந்து நீங்க எடுத்த அன்னைக்கே ஒத்துக்கிட்டேன்."

"நீங்க ஒத்துக்கிட்டீங்க" என்றாள். "நாலாம் கிளாஸ் பாதியில விட்டவரு ஒருத்தர். பரவால்ல. அடுப்புல மீன் கருகுது."

உள்ளே போய்விட்டாள். திரும்பி வரவில்லை. நான் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு வந்தேன்.

டீச்சர் போன மழைக்குப் போய்ச் சேர்ந்தாள். கல்லூரியிலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது. துக்கம் கழிந்து ஒரு நாள் அந்த ஹாலுக்குப் போனேன். நான் ஏற்றிய தலை ஒரு விரல்கடை கூட இறங்கவில்லை. என் முடிச்சு அப்படித்தான். வாலுக்கு முன்னால் இரண்டு கம்பிகளும் இருந்தன. அவற்றிலிருந்து கிழிந்த வண்ணக் காகிதம் தொங்கியது.

"இது எதுக்குப்பா?" என்று புதிய அட்டெண்டரைக் கேட்டேன்.

"அலங்காரம் கட்டத்தான் பெரியவரே. ஓணத்துக்கு பலூன், கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம். யாரோ யோசிச்சு நடுவுல வெச்சிருக்காங்க, நல்ல வசதி."

உரு வாங்க வரும் அரபிகளும் பம்பாய்க்காரர்களும் என் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் அந்தச் சின்ன உருவைப் பார்த்துவிட்டு, தந்தமா என்று கேட்கிறார்கள். இல்லை, இடுப்பு என்கிறேன். சிரிக்கிறார்கள். கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு சாயாவைக் குடித்துவிட்டுப் போகிறார்கள்.